ராஜசிங்கின் நெஞ்சைத் திறந்த விவரம்

சாத்தூர்,
8–8–1965

அன்புள்ள மகள் ஜெபராணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணன் ராஜசிங்கும் மதினி இன்பமும் குழந்தை ரஞ்சிதமும் இங்கே சுகம். கடலுக்கு அந்தப் பக்கம் லீட்ஸில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஜெபத்திலும் உன் பேரைச் சொல்லித்தான் முடிக்கிறோம். சுகம் என்ற வார்த்தையை வழக்கத்துக்காக எழுதுவது உண்டு, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். உன் அண்ணனுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நீ பொறுத்திருக்கச் சொல்லி எழுதியிருந்தும் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறான், நடக்கிறான், தானாகச் சாப்பிடுகிறான். இதை முதலில் எழுதிவிட்டதால் நீ டூட்டி முடிந்து உட்கார்ந்து மற்றதை நிதானமாகப் படிக்கலாம். போன வருஷத்திலிருந்து நான் துண்டு துண்டாக எழுதியது உனக்குத் தலையும் வாலும் புரியவில்லை, உன் வார்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும், முதலிலிருந்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அதன்படியே எழுதுகிறேன். வைத்திய விஷயத்தில் எனக்கு விளங்கியதைத்தான் எழுத முடியும், தப்பு இருந்தால் நீ திருத்திக்கொள்.

போன ஆகஸ்டு கடைசியில் தீபாவளி ஆர்டருக்கு எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை மும்முரமாக இருந்தது. மருந்து கலக்கும் அறைக்கு உன் அண்ணன்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். அங்கே மருந்து என்றால் வெடி மருந்து, அந்த அறையில் அதிகம் பேர் நிற்கக்கூடாது, கையிலிருந்து ஒரு பாத்திரம் உரசி விழுந்தாலும் போச்சு. அன்று காலையில் அவன் சல்லடையில் மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தான். குழாயில் மருந்து அடைக்கும் குருவம்மாள் வாசலில் நின்று மகள் காதுகுத்துக்கு லீவு கேட்டிருக்கிறாள். இவன், "சீசன் முடியட்டும்" என்று சொல்ல வாயெடுத்தவன் சீசன் என்றதோடு நின்றுவிட்டான். அவள் அப்புறம் என்னிடம் சொன்னது இது: "அண்ணாச்சி சோத்தாங்கை துவண்டு போச்சும்மா. சல்லடை சாயுது. நான் உசுரு போச்சுன்னு நினைச்சேன். அண்ணாச்சி இடது கையால அதைத் தாங்கி, அப்படியே மெள்ளக் குனிஞ்சி, தரையில வச்சிட்டுத்தான் விழுந்தாக." அந்த அறையை ஒட்டி எத்தனையோ பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மயங்கும்போது அவனுக்கு எவ்வளவு நினைவு இருந்தது என்று தெரியவில்லை. கேட்டால் அவனுக்கே ஞாபகம் இல்லை. குருவம்மாள் ஓடாமல் உள்ளே வந்து அவனை இழுத்து வெளியே போட்டாள். இவனுக்கு அன்று வயது முப்பத்தி நாலு. ரத்த அழுத்தம் கிடையாது, குடி கிடையாது, வெற்றிலை கூடப் போட மாட்டான்.

வலது கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பக்கவாதம் என்று எல்லாருக்கும் பார்த்ததும் தெரிந்தது. அது ஏன் வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. காற்றுப் பட்டுவிட்டது என்றார்கள், கந்தக நெடி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கம்பெனி ஆட்கள் நல்ல எண்ணத்தில் ஒரு வைத்தியரை அழைத்து வந்து புறாவை அறுத்து அந்த ரத்தத்தைக் கையிலும் காலிலும் தடவ வைத்தார்கள். நான் தடுக்கவில்லை, தடவுவதால் கெடுதல் இல்லை என்று இருந்துவிட்டேன். மறுநாள்தான் டாக்டர் சவரியப்பன் வந்தார். அவர் இப்போது சாத்தூரில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருக்கிறார், நீ பார்த்ததில்லை. கையைப் பிடித்துப் பார்த்தவர் விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு குழலை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, "டீச்சரம்மா, நோவு கையில இல்ல, தலையிலயும் இல்ல. இங்கன இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் இவனுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, பதினோரு வயதில், முழங்காலும் மணிக்கட்டும் மாறி மாறி வீங்கி மாதக் கணக்கில் கிடந்தான் என்றேன். அந்தக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டுப் போய் இதயத்தைக் கடித்திருக்கிறது என்றார். இதயத்தின் இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கும் வால்வு, இரண்டு இதழும் ஒட்டிச் சுருங்கி, சட்டைப் பொத்தான் துவாரம் போல ஆகிவிட்டதாம். ரத்தம் இறங்க முடியாமல் மேல் அறையில் தேங்குகிறது, அறை பெருக்கிறது, துடிப்பு தாளம் தப்புகிறது, தேங்கின ரத்தம் மூலையில் தயிர் உறைவது போல உறைகிறது. அதிலிருந்து ஒரு துணுக்குப் பிய்ந்து போய் மூளைக்குப் போகிற குழாயை அடைத்ததுதான் இது. அவன் நாலைந்து வருஷமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்வான். மருந்துத் தூசி என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அவனும் அப்படித்தான் நினைத்தான்.

கால் கொஞ்சம் சீக்கிரமாகவே திரும்பியது, கை பாதிதான் வந்தது. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும், அவன் வாயில் மட்டும் ஒரே வார்த்தைதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் சீசன், விளக்கை அணை என்றாலும் சீசன், இன்பத்தைக் கூப்பிடுவதும் சீசன். சொன்ன மாத்திரத்தில் அது தப்பு என்று அவனுக்கே தெரியும், முகம் சிவந்து தலையை ஆட்டுவான், திரும்ப வாயைத் திறந்தால் திரும்பவும் அதே வார்த்தை. ரஞ்சிதம் முதலில் சிரித்தாள், பிறகு அவள் ஒருத்திதான் எந்த சீசன் தண்ணீர், எந்த சீசன் சோறு என்று குரலை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்குள் சரி, இல்ல, வா, போ என்று சில வார்த்தைகள் வந்தன.

இனி மறுபடி வராமல் பார்க்க வேண்டும் என்று டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்தார். ஒன்று துடிப்பை அடக்க, இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க. இரண்டாவது மாத்திரையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அளவு கொறஞ்சா உறையும், மறுபடி வாதம் வரும். அளவு கூடினா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும், தலைக்குள்ள கசிஞ்சா அதுவும் வாதந்தான். ரெண்டு பக்கமும் கிணறு டீச்சரம்மா, நடுவுல உள்ள வரப்புல இவரை நடத்திக் கூட்டிட்டுப் போகணும்." அந்த வரப்பு தெரிய வேண்டுமானால் அடிக்கடி ரத்தத்தை எடுத்து அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை சாத்தூரில் கிடையாது, விருதுநகரிலும் இல்லை, மதுரைக்குத்தான் போக வேண்டும். இன்பம் அவனைக் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் போய் மாலையில் திரும்புவாள். போகிற அன்று ஒரு பொழுது போய்விடும். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ரயிலில் அவன் காலை நீட்டி உட்கார இடம் கேட்டுச் சண்டை போடவும் பழகிக்கொண்டாள். நீ இருந்தபோது பார்த்த இன்பம் இல்லை இவள்.

ஜனவரிக் கடைசியில் ஹிந்தி எதிர்ப்புக் கலவரம் வந்தது. உங்கள் பேப்பரிலும் போட்டிருப்பார்கள். மதுரையில் தொடங்கி எங்கும் பரவி, பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக ஓடவில்லை, கடைகள் அடைத்துக் கிடந்தன. மதுரைக்குப் போகும் முறை வந்தது, போக முடியவில்லை. அடுத்த முறையும் தவறியது. மாத்திரையை நிறுத்தினால் ஒரு கிணறு என்று பயந்து பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டு வந்தோம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது மூக்கில் ரத்தம் வந்தது. சாதாரண மூக்கு ரத்தம் என்று ஈரத்துணி வைத்தோம், நிற்கவில்லை. துணி மாற்றி மாற்றி வைத்தும் நிற்கவில்லை. ஈறிலும் கசிந்தது. அவன் வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டினான், அங்கே எங்கும் இடித்துக்கொள்ளாமலே நாவல் பழத்தை நசுக்கின மாதிரி கன்றியிருந்தது. டாக்டர் சவரியப்பன் வீடு நல்லவேளையாக நடந்து போகும் தூரம். அவரிடம் எதிர்மருந்து ஊசி இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போட்டார். மாலைக்குள் நின்றது. அன்று அவன் முகம் காகிதம் மாதிரி இருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மாத்திரையாலேயே இவரைக் காலம் முழுக்க ஓட்ட முடியாது, ஒட்டிக்கொண்ட வாசலைத் திறந்துவிட்டால் தேக்கம் குறையும், மெட்ராஸில் இப்போது அந்த ஆபரேஷன் நிறைய செய்கிறார்கள் என்று சொன்னார்.

இதை நான் உனக்கு எழுதியபோதுதான் நீ பதில் போட்டாய். உங்கள் ஊரில் பழுதான வால்வை வெட்டி எடுத்துவிட்டு, சின்னக் கூண்டுக்குள் உருண்டை வைத்த செயற்கை வால்வு பொருத்துகிறார்கள், அண்ணனை இங்கே அழைத்துவர ஏற்பாடு செய்கிறேன், அதுவரை யாரும் அவன் நெஞ்சில் கை வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைக் குறைவாகப் பேசவில்லை, பெரிய காரியம் என்றார். ஆனால் உலோகக் கூண்டைச் சுற்றியும் ரத்தம் உறையும், அந்த வால்வு வைத்தவர்கள் சாகும்வரை அதே ரத்த மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், விடாமல் சோதிக்க வேண்டும் என்றார். லீட்ஸில் இருந்தால் சரி, சாத்தூருக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வது. இவனுடைய வால்வு இன்னும் சுண்ணாம்பு பிடித்துக் கல்லாகவில்லை, மெத்தென்றுதான் இருக்கிறது போலிருக்கிறது, தன் வால்வையே திறந்து வைத்துக்கொள்ள முடிகிறபோது அதுதான் நல்லது என்றார். நான் உனக்கு, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். அப்போது அது உண்மைதான்.

யோசனையை முடித்து வைத்தது மே மாதம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்து சோற்று உருண்டை நழுவியது, வாய் கோணியது, மறுபடி சீசன் என்றான். இன்பம் தட்டை எடுத்து வைத்துவிட்டு அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் அது தானாகவே சரியாகிவிட்டது. அவர், "இது தாக்கல் சொல்லிட்டுப் போயிருக்கு. அடுத்தது சொல்லிட்டு வராது" என்றார். மறுநாள் விருதுநகரிலிருந்து இன்பத்தின் தம்பி சுந்தர்ராஜ் வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், உனக்குத் தெரிந்தவன்தான், நல்ல பிள்ளை. அவனுக்கு ஆபரேஷன் என்ற பேச்சே பிடிக்கவில்லை. "கையும் காலும் முக்கால்வாசி வந்திருச்சி. பேச்சும் வருது. ஆண்டவர் குடுத்தது போதும்னு இருக்காம, துடிச்சிக்கிட்டு இருக்க நெஞ்சுக்குள்ள வெரலை விடணுமா? அந்த வெரலே உறைஞ்சதைத் தட்டி மூளைக்கு அனுப்பிச்சின்னா? டாக்டரே அது நடக்கும்னுதான சொல்றாக" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, டாக்டர் அதைச் சொல்லித்தான் இருந்தார். ஏற்கெனவே வாதம் வந்தவர்களுக்கு ஆபரேஷன் மேஜையிலேயே மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இன்பம், "இப்படியே இருந்தாலும் எனக்குப் போதும் அத்தை, இருக்காகள்ல" என்றாள். நான் ஆபரேஷன் பக்கம் இருந்தேன், ஆனால் சத்தமாகச் சொல்லத் தைரியம் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் அவள்தான் விதவையாவாள், நான் இல்லை. இப்படி நாங்கள் மூன்று பேரும் அவன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம். அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தான். நாங்கள் வாயை மூடினோம். சீசன் என்றான். தலையை ஆட்டினான். கண்ணை இறுக மூடினான். நெற்றி வேர்த்துவிட்டது. பிறகு நெஞ்சில் கையை வைத்து, "தொற" என்றான். மறுபடி, "தொறங்க" என்றான், மரியாதையோடு, தெளிவாக. ஒன்பது மாதமாக அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சுந்தர்ராஜ் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். திரும்பி வந்து, எந்த ரயிலில் போகிறோம் என்று கேட்டான்.

ஜூன் மாதம் மெட்ராஸ் போனோம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். எங்களை உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னார். இடது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே திறப்பார்கள். இதயத்தை நிறுத்துவதில்லை, அது துடித்துக்கொண்டிருக்கும்போதே மேல் அறையின் காது போன்ற மூலை வழியாக விரலை விட்டு, ஒட்டின இதழ்களைப் பிரிப்பார்கள். கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் கண். உறைந்த ரத்தம் தங்குகிற இடமும் அந்தக் காதுதான். அதனால் விரலை விடுவதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தத்தை வெளியே பாயவிட்டு, மூலையில் ஏதாவது இருந்தால் அதோடு வந்துவிடும்படி செய்வார்கள். விரல் உள்ளே இருக்கும் நேரத்தில் தலைமாட்டில் நிற்கும் டாக்டர் கழுத்தின் இரண்டு பக்கத்து நாடியையும் அமுக்கிப் பிடித்துக்கொள்வார், துணுக்கு எதுவும் தலைக்கு ஏறாமல் இருக்க. இவ்வளவு செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். இன்பம், "உறுதி வேண்டாம்யா, நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சா போதும்" என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாமல் இருந்த நாட்கள்தான் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. அவன் கொட்டாவி விட்டால்கூட வாய் நேராக இருக்கிறதா என்று இன்பம் எட்டிப் பார்த்தாள்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அதற்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். முதலில் சட்டைக் கையைச் சுருட்டியவன் சுந்தர்ராஜ்தான். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான், எழுந்ததும் மறுபடி கையை நீட்டினான். கம்பெனி லாரி ஓட்டும் செல்லப்பாண்டி லோடு இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான், கந்தக வாசனையோடு. "போர்மேன் சல்லடையைக் கீழ போட்டிருந்தாகன்னா எங்க அக்கா இன்னைக்கு இல்ல. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடச் சொல்லுங்கம்மா" என்றான். அவன் குருவம்மாளின் தம்பி என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. காதுக்குள்ளிருந்து பழைய உறைவு கொஞ்சம் வெளியே வந்ததாகவும், வால்வு நினைத்ததைவிட மெத்தென்று பிரிந்ததாகவும், விரல் நுனி நுழையாத துவாரத்தில் இப்போது இரண்டு விரல் போகும் என்றும் பெரிய டாக்டர் வெளியே வந்து சொன்னார். கண் விழித்ததும் அவன் கையை அசைத்தான், காலை அசைத்தான், வாய் நேராக இருந்தது. நான் முதல் தடவையாக உட்கார்ந்தேன். மறுநாள் மத்தியானம் இன்பத்தைப் பக்கத்தில் விட்டார்கள். கையிலும் நெஞ்சிலும் குழாய்கள் இருந்ததால் பிடித்துக்கொள்ள வேறு இடம் இல்லாமல் அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், இந்தக் கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கே" என்றாள். அந்த நர்ஸ் உடனே கையை வைத்துப் பார்த்தாள், தொடையில் நாடி பார்த்தாள், வேகமாக வெளியே போனாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வெளுத்துக்கொண்டு வந்தது. எங்கோ மறைந்திருந்த ஒரு துணுக்குக் கீழே இறங்கிக் காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கிறது. மறுபடி உள்ளே கொண்டு போய் இடுப்பு மடிப்பில் திறந்து அதை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு விரல்கள் கறுத்துப்போய் அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. நான் பெரிய டாக்டரிடம், அது தலைக்குப் போகாமல் நீங்கள் காப்பாற்றினீர்கள் என்றேன். அவர், "இல்லை அம்மா. விரல் உள்ளே இருந்தபோது நாங்கள் காவல் இருந்தோம். இது அதற்கு அப்புறம் கிளம்பியது. மேலே போகாமல் கீழே போனதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை" என்றார். அந்தப் பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஜூலை நடுவில் ஊர் வந்து சேர்ந்தோம். தாளம் தப்பின துடிப்பு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, அதனால் ரத்த மாத்திரையைக் கொஞ்ச காலத்துக்காவது தொடரச் சொல்லியிருக்கிறார்கள், மதுரைப் பயணமும் இருக்கிறது. மூட்டுக் காய்ச்சல் மறுபடி வந்து வால்வைக் கெடுக்காமல் இருக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி. வால்வு சில வருஷத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளவும் கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆக முடிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. நீட்டிப் படுத்துத் தூங்குகிறான். போன வாரம் கோயில் மணிக்கூண்டுப் படியில் பாதி வரை ஏறி, நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். விரல் போன காலைக் கொஞ்சம் விந்தி நடக்கிறான். பேச்சு நாளுக்கு நாள் வருகிறது, வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைக்கிறான்.

முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனுஷன், பழைய வேலைக்கே வரலாம், கூட ஒரு ஆளைப் போடுகிறேன் என்றார். இன்பத்துக்குச் சந்தோஷம். உன் அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டினான். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "கை... நம்ப... முடியாது. விளும். எல்லாரும்... சாவாக" என்றான். முதலாளி, கேட்டில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி பீடி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார். சம்பளம் கொஞ்சம் குறைவு. திங்கட்கிழமையிலிருந்து போகிறான். அவனுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை.

இனி உன்னைப் பற்றி. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது பெரிய டாக்டர் என்னிடம், இவருக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் வீட்டில் வேறு பிள்ளைகளுக்கும் வந்ததா என்று கேட்டார். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்த பிள்ளைகளுக்கு அது சேர்ந்து வருவது உண்டாம். அவன் படுத்திருந்த அதே வருஷம் உனக்கு ஆறு வயது. தொண்டை வலி என்று அழுதாய், பிறகு ஒரு முழங்கால் வீங்கிச் சில நாள் நொண்டினாய். அவன் கிடந்த கிடையில் உன்னுடையது பெரிதாகத் தெரியவில்லை, சீக்கிரமாகச் சரியாகியும் விட்டது. அதை டாக்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். போன குளிர்காலத்தில் எழுதியதில், மூன்றாம் மாடி வார்டுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, இந்த ஊர்ப் பனி அப்படி என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அது பனியாகவே இருக்கலாம். பனிதான் என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்க விரும்புகிறேன். நர்ஸாகச் சேரும்போது உன்னைச் சோதித்திருப்பார்கள் என்று நீ சொல்வாய். உன் அண்ணனையும் கம்பெனியில் சேரும்போது ஒரு டாக்டர் குழல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சுருங்கின வால்வின் சத்தம் மெல்லிய சத்தமாம், நின்றுகொண்டிருந்தால் தப்பிவிடுமாம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்கச் சொல். கொஞ்சம் ஓடிவிட்டு வந்து படுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சவரியப்பன் சொல்கிறார். ஏதாவது இருந்தாலும் இப்போதே தெரிந்தால் ஊசியும் மாத்திரையுமாகப் போய்விடலாம், உன் அண்ணனுக்கு இருபது வருஷம் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்பிள்ளைக்கு நெஞ்சு நோய் என்று வெளியே தெரிந்தால் வரன் வராது என்று நம் பக்கம் மூடி வைப்பார்கள். அப்படி வராமல் போகிற வரன் நமக்கு வேண்டாம். நான் இவ்வளவு நீளமாக எல்லாவற்றையும் எழுதியதே, உன் வார்டு டாக்டருக்காக மட்டும் அல்ல. என்ன நடந்தாலும் அது இன்னது, அதற்கு இன்னது செய்யலாம் என்று உனக்கு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆபரேஷனை உன்னிடம் சொல்லாமல் செய்ததற்குக் கோபப்பட உனக்கு உரிமை உண்டு, பட்டுக்கொள். ஆனால் அந்தக் கோபத்தில் பதிலைத் தாமதிக்காதே. கம்பளி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, இரவு டூட்டி தொடர்ந்து வாங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் நெஞ்சில் கை வைத்து உன்னைத் தூங்கப் பண்ணுவாராக. பதில் எழுதும்போது டாக்டர் சொன்னதை முதல் வரியில் எழுது. நல்லதானாலும் சரி, வேறு மாதிரியானாலும் சரி, எனக்காக மாற்றாமல் எழுது. நான் படித்துக்கொள்வேன்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
ஞானபூரணி